பாத்த சாட்சி இல்லாத கிரகங்கள்

எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல யாரோ ஒரு படம் ஃபார்வர்ட் பண்ணியிருந்தாங்க. நீலமா ஒரு உருண்டை, மேல திட்டுத் திட்டா மேகம், பின்னாடி செக்கச்செவேல்னு ஒரு சூரியன், கீழ "பூமியைப் போலவே இன்னொரு பூமி கண்டுபிடிப்பு"ன்னு பெரிய எழுத்துல. கைதட்டல் இமோஜி வரிசையா விழுந்துச்சு. பெரியப்பா மட்டும் குரூப்ல எதுவும் போடாம எனக்குத் தனியா போன் பண்ணார். கோர்ட்டுல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவர், எந்த விஷயத்தையும் சட்டுன்னு ஒத்துக்க மாட்டார். "இந்த போட்டோவ யாருப்பா எடுத்தா?"ன்னு கேட்டார். அது போட்டோ இல்ல பெரியப்பா, ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சது, அந்த கிரகத்த இதுவரைக்கும் யாருமே பாத்ததில்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பாத்த சாட்சி ஒருத்தர்கூட இல்லாம எப்படிப்பா இருக்குன்னு அடிச்சு சொல்றாங்க?"ன்னார்.

இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. ஏன்னா அது தான் கேக்க வேண்டிய கேள்வி. டிரான்சிட் (கிரகம் முன்னாடி கடக்கும்போது நட்சத்திரம் மங்கறது), டாப்ளர் (நட்சத்திரம் ஆடறத அதோட வெளிச்சத்த வச்சு அளக்கிறது)னு முறையோட பேர சொல்லிட்டா பதில் சொன்னதா ஆயிடாது, முறை இருக்குங்கிறது வேற, அந்த முறைய நம்பி ஒரு உலகம் இருக்குன்னு சொல்ற உரிமை எங்கிருந்து வருதுங்கிறது வேற. இன்னிக்கு வேற நட்சத்திரங்கள சுத்துற கிரகங்கள்னு உறுதி பண்ணின பட்டியல்ல 6000க்கு மேல இருக்கு. அதுல நேரடியா படம் பிடிச்சது ரொம்ப ரொம்ப கொஞ்சம். 2008ல அறிவிச்ச ஹெச்.ஆர் 8799 நட்சத்திரத்தோட கிரகங்கள் மாதிரி, நட்சத்திரத்த மறைச்சுட்டு சுத்தி உள்ளத எடுத்த படங்கள் அது, அதுலயும் தெரியறது சின்னச் சின்ன புள்ளி தான். மிச்சம் எல்லாம் கண்ணுக்கும் கேமராவுக்கும் படாதது. படவும் படாது, ஏன்னா தூரத்துல இருந்து பாத்தா நம்ம பூமி சூரியன் பக்கத்துல கிட்டத்தட்ட ஆயிரம் கோடியில ஒரு பங்கு வெளிச்சம் தான், அந்தக் கூச்சத்துல அதத் தனியா பிரிச்சுப் பாக்க இன்னிக்கு இருக்கிற எந்த டெலஸ்கோப்பாலயும் முடியாது. ஆக வானியல்காரங்க கையில இருக்கிறது ஒரே ஒரு புள்ளி வெளிச்சம், அதுவும் கிரகத்தோடது இல்ல, நட்சத்திரத்தோடது. அந்த வெளிச்சத்துல ஏதோ ஒண்ணு மாறுது, அந்த மாற்றத்துக்கு என்ன காரணம்னு ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வந்து கடைசியா கிரகத்துகிட்ட நிக்கிறாங்க.

நான் இதப் பத்திப் படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவாச்சு. இந்தத் துறையோட பெருமை கண்டுபிடிச்ச கிரகங்கள்ல பாதி தான், மீதிப் பாதி கண்டுபிடிச்சதா நெனச்சு கைவிட்ட கிரகங்கள்ல இருக்கு. அந்தக் கதைய யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

நுங்கம்பாக்கத்துல இருந்து கெளம்பின கிரகம்

சூரிய குடும்பத்துக்கு வெளிய ஒரு கிரகம் இருக்குன்னு பதிவான முதல் அறிவிப்புகள்ல ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, நம்ம சென்னையில இருந்து. 1855ல. இப்ப நுங்கம்பாக்கத்துல வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகத்துல தான் அப்ப மெட்ராஸ் அப்சர்வேட்டரி இருந்துச்சு, அதுக்குத் தலைமையா இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஓஃபியூக்கின்னு ஒரு இரட்டை நட்சத்திரம், ஒண்ண ஒண்ணு சுத்தி வர 88 வருஷம் ஆகும். அந்த ரெண்டும் கணக்குப் படி இருக்க வேண்டிய எடத்துல இல்லாம கொஞ்சம் வெலகி வெலகி இருக்கிறத பாத்த ஜேக்கப், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்க இழுக்குது, அதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்னு லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி இதழுக்கு எழுதினார். 1890கள்ல அமெரிக்காவுல டி.ஜே.ஜே. சீங்கிறவர் அதே நட்சத்திரத்துல ஒரு இருட்டுத் துணை இருக்குன்னு சொன்னார். 1899ல ஃபாரஸ்ட் மோல்டன் கணக்கு போட்டு, சீ சொல்ற மாதிரி ஒரு அமைப்பு நிலைச்சே நிக்காதுன்னு காட்டினார். இன்னி வரைக்கும் அந்த நட்சத்திரத்துல உறுதியான கிரகம் எதுவும் கிடையாது.

ஜேக்கப்ப நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் யோசிச்ச வழி நூத்துக்கு நூறு சரி. கண்ணுக்குத் தெரியறது ஆடுதுன்னா தெரியாத ஒண்ணு இழுக்குதுங்கிற அதே வழியில தான் 1846ல நெப்டியூனையே கண்டுபிடிச்சாங்க. அவர் கையில இருந்த அளவுகள் தான் அந்த அளவுக்கு நுணுக்கமா இல்ல. நட்சத்திரம் ஆடுதா, இல்ல அளக்கிறதுல இருக்கிற பிழை தான் ஆடுதாங்கிறத பிரிச்சுச் சொல்ல 1855ல வழியில்ல.

நூறு வருஷம் கழிச்சும் அதே எடத்துல தான் இன்னொருத்தர் மாட்டினார். பீட்டர் வான் டி காம்ப், அமெரிக்காவுல பென்சில்வேனியா மாகாணத்துல ஸ்ப்ரவுல் அப்சர்வேட்டரியோட தலைவர். நம்மள்ல இருந்து வெறும் 6 ஒளியாண்டு தூரத்துல இருக்கிற பர்னார்ட் நட்சத்திரத்த வருஷக்கணக்கா போட்டோ பிளேட்டுல எடுத்து எடுத்து அளந்தார். 1963ல, இந்த நட்சத்திரம் ஆடுது, வியாழன விட கொஞ்சம் பெரிய கிரகம் ஒண்ணு 24 வருஷத்துக்கு ஒருக்கா இத சுத்துதுன்னு அறிவிச்சார். பத்து வருஷம் உலகம் நம்புச்சு, பாடப்புத்தகத்துல வந்துச்சு. 1973ல ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிச் ஐக்ஹார்னும் வேற டெலஸ்கோப்புகள்ல எடுத்த பிளேட்டுகள அளந்து பாத்தா ஆட்டமே இல்ல. அதே சமயம் ஸ்ப்ரவுல்லயே வேலை பாத்த ஜான் ஹெர்ஷி இன்னொண்ண காட்டினார். அந்த டெலஸ்கோப்புல எடுத்த மத்த நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி, அதே வருஷங்கள்ல தாவுது. 1949லயும் 1957லயும் லென்ஸ கழட்டி மாட்டி சரிபண்ணியிருக்காங்க, தாவல் அங்க தான் இருக்கு. நட்சத்திரம் ஆடல, கண்ணாடி நகந்திருக்கு. வான் டி காம்ப் அத கடைசி வரைக்கும் ஒத்துக்கல. 1995 மே மாசம் இறந்து போனார். அதே வருஷம் அக்டோபர்ல தான் சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்த சுத்துற முதல் உண்மையான கிரகத்த அறிவிச்சாங்க. அஞ்சு மாசம்.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் நடந்துக்கிட்டார், எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும். ஆண்ட்ரூ லைன், இங்கிலாந்து ரேடியோ வானியலாளர். 1991ல அவரும் அவர் டீமும் ஒரு பல்சர, அதாவது செத்துப்போன நட்சத்திரத்தோட எச்சத்த, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒரு கிரகம் சுத்துதுன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. ஆறு மாசங்கிறது நம்ம பூமி சூரியன சுத்துற காலத்துல சரி பாதி, அதுவே சந்தேகப்பட வேண்டிய எண். கணக்க திரும்பப் பாத்தப்ப பூமியோட பாதை முழு வட்டம் இல்லாம கொஞ்சம் நீள்வட்டமா இருக்கிறத சரியா கழிக்கலன்னு தெரிஞ்சுது, அத கழிச்சதும் கிரகம் காணாமப் போச்சு. 1992 ஜனவரியில அட்லாண்டாவுல அமெரிக்க வானியல் சங்கக் கூட்டம். கிரகத்த பத்திப் பேசக் கூப்பிட்ட மேடையில ஏறி, அப்படி ஒரு கிரகம் இல்ல, தப்பு எங்களுதுன்னு சொல்லிட்டு எறங்கினார். அரங்கமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. அடுத்து பேசினவர் அலெக்சாண்டர் வோல்ஷ்சான். அவர் வேற ஒரு பல்சர்ல கண்டுபிடிச்ச கிரகங்கள் உண்மையானது, இன்னிக்கும் பட்டியல்ல இருக்கு.

ஐம்பது லட்சத்துல ஒரு பங்கு

சரி, நட்சத்திரம் ஏன் ஆடணும்? சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்போம்ல, கைய கோத்துக்கிட்டு. ஒரு பெரிய ஆளும் ஒரு குட்டிப் பையனும் சுத்தினா பையன் பெரிய வட்டம் அடிப்பான், பெரியவர் நின்ன எடத்துலயே சுத்துற மாதிரி தெரியும், ஆனா அவர் காலும் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கிட்டுத் தான் இருக்கும். நட்சத்திரமும் கிரகமும் அதே தான். வியாழன் இழுக்கிறதால நம்ம சூரியன் விநாடிக்கு 12 மீட்டர் சொச்சம் வேகத்துல அசையுது. பூமி இழுக்கிறதால வெறும் 9 சென்டிமீட்டர்.

இந்த வேகத்த வெளிச்சத்த வச்சு அளக்கிறாங்க. நட்சத்திரத்து வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சா நடுநடுவுல ஆயிரக்கணக்குல கருப்புக் கோடு தெரியும், அங்க இருக்கிற இரும்பு, கால்சியம், சோடியம் எல்லாம் அதுஅதுக்குரிய நிறத்த முழுங்கிட்டதால வர்ற கோடுங்க அது. நட்சத்திரம் நம்மள நோக்கி வந்தா எல்லாக் கோடும் ஒண்ணா நீலப் பக்கம் நகரும், வெலகிப் போனா சிவப்புப் பக்கம். தத்துவம் இவ்வளவு தான். கஷ்டம் அளவுல இருக்கு. பின்னாடி வரப்போற 51 பெகாசிங்கிற நட்சத்திரம் ஆடின விநாடிக்கு 59 மீட்டர்னா கோடு நகர்றது அதோட அலைநீளத்துல ஐம்பது லட்சத்துல ஒரு பங்கு. பூமியோட 9 சென்டிமீட்டர்னா முந்நூறு கோடியில ஒரு பங்கு. டெலஸ்கோப்புல இருந்து வெளிச்சத்த ஒரு ஃபைபர் வழியா தனி ரூமுக்கு கொண்டு போவாங்க, அந்த ரூமோட சூடு மாறக்கூடாது, காத்தோட அழுத்தம் மாறினாக்கூட கோடு நகந்துடும். பக்கத்துலயே தோரியம்-ஆர்கான் விளக்கு ஒண்ணு எரியும், அதோட கோடுகள் எங்க இருக்கணும்னு அச்சா தெரியும், அத அளவுகோலா வச்சுத் தான் நட்சத்திரக் கோட்ட அளக்கிறது. ஒரு கோடு நகர்றத தனியா பாத்தா ஒண்ணும் புரியாது, ஆயிரக்கணக்கான கோடுகள ஒண்ணா சேத்து சராசரி எடுத்தா தான் அந்த நகர்வு வெளிய வரும்.

இத முதல்ல துணிஞ்சு செஞ்சவங்க கனடாக்காரங்க ரெண்டு பேர், கார்டன் வாக்கரும் புரூஸ் கேம்பெல்லும். 1980கள்ல ஹவாய்ல மௌனா கியா மலை மேல இருக்கிற டெலஸ்கோப்புல, அளவுகோலுக்காக ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு நெரப்பின ஒரு குடுவைய வெளிச்சத்து வழியில வச்சாங்க. அது பட்டா உடம்ப அரிச்சுடற விஷ வாயு, அத பக்கத்துல வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியா வேலை. 12 வருஷம் 21 நட்சத்திரங்கள பாத்தாங்க. டெலஸ்கோப் நேரம் வருஷத்துல சில ராத்திரி தான் கெடைக்கும். வியாழன் மாதிரி கிரகம்னா சுத்தி வர பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகும்னு எல்லாரும் நெனச்சிருந்ததால அதுவே போதும்னு தோணியிருக்கு. கடைசியில வியாழன் அளவுக்கு எதுவும் இல்லன்னு பேப்பர் எழுதினாங்க, அது வெளிவந்தது 1995 ஆகஸ்ட். கேம்பெல் அதுக்கு முன்னாடியே வானியல விட்டே போயிட்டார்.

எனக்கு மனசு ரொம்ப கனத்துப் போற எடம் இதுக்குள்ளயே இருக்கு. 1988லயே அவங்க காமா செஃபின்னு ஒரு நட்சத்திரத்துல ஆட்டத்த பாத்துட்டாங்க, ரெண்டரை வருஷத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வருது. கிரகமா இருக்கலாம்னு ஜாக்கிரதையா எழுதினாங்க. அப்புறம் அவங்களே அந்த நட்சத்திரத்தோட சுழற்சியால கூட இப்படி வரலாம்னு சந்தேகப்பட்டு 1992ல பின்வாங்கிட்டாங்க. 2003ல வேற டீம் கூடுதல் அளவுகளோட வந்து சொல்லுச்சு, அது கிரகமே தான்.

வான் டி காம்ப் இல்லாத கிரகத்த விடல. லைன் இல்லாத கிரகத்த விட்டார். வாக்கரும் கேம்பெல்லும் இருந்த கிரகத்தையே விட்டாங்க. இதுல யாரு பண்ணது சரின்னு எனக்குள்ளயே நெறைய நாள் வாதம் பண்ணியிருக்கேன். நான் கடைசியா வந்து நின்னது வாக்கர், கேம்பெல் பக்கம். அவங்களுக்கு கெடைக்க வேண்டிய பேரு போயிடுச்சு, அது பெரிய அநியாயம் மாதிரி தோணும். ஆனா அன்னிக்கு அவங்க கையில இருந்த அளவுகளுக்கு "தெரியல"ங்கிறது தான் நேர்மையான பதில். நட்சத்திரம் எங்கயும் ஓடிப்போகல, கிரகமும் அங்கயே தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு, பதினோரு வருஷம் கழிச்சு வந்தவங்களுக்கு கெடைச்சுது. தப்பா அடிச்சு சொல்லியிருந்தா, ஏற்கனவே பர்னார்ட் நட்சத்திரத்தால கெட்டுப்போன பேரு இன்னும் கெட்டு, இந்த வேலைக்கு டெலஸ்கோப் நேரமே கெடைக்காமப் போயிருக்கும்.

ஜூலை வரைக்கும் காத்திருந்தது

1994 செப்டம்பர். பிரான்ஸோட தெற்குல ஓத் ப்ரோவான்ஸ் அப்சர்வேட்டரி, 1.93 மீட்டர் டெலஸ்கோப், அதுல புதுசா மாட்டின எலோடிங்கிற ஸ்பெக்ட்ரோகிராஃப், அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிக்கிற கருவி. ஜெனீவா பல்கலைக்கழகத்து மிஷேல் மயோரும் அவர்கிட்ட பி.ஹெச்.டி பண்ணிட்டு இருந்த டிடியே கெலோவும் 142 நட்சத்திரங்கள எடுத்து அளக்க ஆரம்பிச்சிருந்தாங்க. மயோர் ஹவாய்க்குப் போயிட்டார், வேலை கெலோ கையில. 51 பெகாசின்னு ஒரு நட்சத்திரம், 50 ஒளியாண்டு தூரம், கிட்டத்தட்ட நம்ம சூரியன் மாதிரியே, அமைதியா இருக்க வேண்டியது. அது ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற வேகம் காட்டுது. கெலோவுக்கு முதல்ல வந்தது சந்தோஷம் இல்ல, பயம். எலோடிக்கான சாஃப்ட்வேர்ல பெரும் பங்கு அவரே எழுதினது, அதுல தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சார். வெளிய சொல்லாம திரும்பத் திரும்ப அளந்தார். கணக்கு ஒரே ஒரு எடத்துல தான் பொருந்துது, 4.2 நாளுக்கு ஒரு சுத்து. வியாழன்ல பாதி எடையாவது உள்ள ஒரு கிரகம், பூமி-சூரியன் தூரத்துல இருபதுல ஒரு பங்கு தூரத்துல, நாலு நாள்ல நட்சத்திரத்த சுத்தி முடிச்சுடுது. அப்படி ஒண்ணு இருக்க முடியும்னு அன்னிக்கு எந்த பாடத்துலயும் கெடையாது. 1952லயே ஆட்டோ ஸ்ட்ரூவங்கிற வானியலாளர் ஒரு சின்ன கட்டுரையில, ஒரே நாள்ல சுத்துற பெரிய கிரகம்கூட இருக்கலாம், வேகத்த அளந்தும் வெளிச்சம் மங்கறத பாத்தும் கண்டுபிடிக்கலாம்னு எழுதியிருந்தார். நாப்பது வருஷமா யாரும் அத காதுல போட்டுக்கல.

1995 தொடக்கத்துலயே அவங்க கையில பதில் இருந்துச்சு. 51 பெகாசி இருக்கிற பெகாசஸ் நட்சத்திரக் கூட்டம் சூரியன் பக்கம் போயிடுச்சு, சில மாசத்துக்கு பாக்க முடியாது. அந்த நேரத்துல பேப்பர அனுப்பியிருக்கலாம், நோபல் அளவுக்குப் போகக்கூடிய விஷயம், அமெரிக்காவுல இன்னொரு டீம் இதே வேலைய பண்ணிட்டு இருக்குன்னும் தெரியும். ஆனா அவங்க அனுப்பல. ஜூலையில நட்சத்திரம் திரும்ப வானத்துல ஏறும்போது, இந்த ராத்திரி இந்த வேகத்துல இருக்கணும், அடுத்த ராத்திரி இந்த வேகத்துல இருக்கணும்னு முன்கூட்டியே கணக்கு போட்டு வச்சுக்கிட்டு காத்திருந்தாங்க. ஜூலை வந்துச்சு, ரெண்டு பேரும் மலைக்குப் போனாங்க, அளந்தாங்க. முதல் ராத்திரி, கணக்குல இருந்த எடம். அடுத்த ராத்திரி, அதுவும் கணக்குல இருந்த எடம். அதுக்கடுத்ததும். மயோரும் கெலோவும் அதுக்கப்புறம் தான் நம்பினாங்க. ஆகஸ்ட் கடைசியில பேப்பர், அக்டோபர் 6ஆம் தேதி இத்தாலியில ஃபிளாரன்ஸ் மாநாட்டுல அறிவிப்பு, 2019ல நோபல்.

எனக்கு அந்த அறிவிப்ப விட, அந்த நோபல விட, நடுவுல இருக்கிற அந்த சில மாசம் தான் பெருசு. பாத்த சாட்சி என்ன நடந்துச்சுன்னு தான் சொல்ல முடியும். இவங்க இனிமே என்ன நடக்கும்னு எழுதி வச்சுட்டு, அது தப்பாப் போகக்கூடிய எல்லா வாய்ப்பையும் நட்சத்திரத்துக்குக் குடுத்துட்டு நின்னாங்க. லென்ஸ் நகந்ததால வர்ற ஆட்டம் அடுத்த ஜூலையில எங்க இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சுத்தி வர்ற ஒண்ணால தான் சொன்ன தேதிக்கு சொன்ன எடத்துக்கு வர முடியும். பெரியப்பாகிட்ட அடுத்த தடவ பேசும்போது நான் இத தான் சொன்னேன், அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை பண்ணாங்களா?"ன்னு கேட்டார். பண்ணாங்க, நல்லாவே பண்ணாங்க.

ஃபிளாரன்ஸ் அறிவிப்பு வந்து ஒரு வாரத்துக்குள்ள கலிஃபோர்னியாவுல லிக் அப்சர்வேட்டரியில ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் அதே நட்சத்திரத்த தொடர்ந்து சில ராத்திரி அளந்து, அதே 4.2 நாள் அங்கயும் இருக்குன்னு உறுதிப்படுத்தினாங்க. அவங்க வருஷக்கணக்கா அளந்து வச்சிருந்த பழைய டேட்டாவ கம்ப்யூட்டர்ல போட்டு அலசினதும் அடுத்த ஜனவரியில இன்னும் ரெண்டு கிரகம் வெளிய வந்துச்சு. 1997ல டேவிட் கிரேங்கிற கனடா வானியலாளர் நேச்சர்ல எழுதினார், கோடுகளோட வடிவமே 4.2 நாளுக்கு ஒருக்கா மாறுது, அதனால இது கிரகம் இல்ல, நட்சத்திரமே உப்பித் தாழ்ற மாதிரி ஏதோ அதிர்வுன்னு. நியாயமான சந்தேகம். அடுத்த வருஷம் இன்னும் நல்ல அளவுகள் எடுத்துப் பாத்துட்டு, அந்த மாற்றம் இல்லன்னு அவரே எழுதிட்டார். 2001ல கெலோ தலைமையில ஒரு பேப்பர் வந்துச்சு, ஹெச்.டி 166435ங்கிற நட்சத்திரம் 51 பெகாசி மாதிரியே நாலு நாள் கணக்குல ஆடுது, ஆனா அது கிரகம் இல்ல, நட்சத்திரத்து மேல இருக்கிற கரும்புள்ளிகள் சுத்தி வர்றதால வர்ற பொய் ஆட்டம்னு. முதல் கிரகத்த கண்டுபிடிச்ச அதே கை, அதே மாதிரி இன்னொரு அடையாளத்த கிரகம் இல்லன்னு தள்ளுது.

நிழல் சொன்ன நேரத்துக்கு வந்தது

ஆனா எல்லார் வாயையும் அடைச்சது 1999 தான். இதுவும் பெகாசஸ் பக்கத்து நட்சத்திரம், ஹெச்.டி 209458. வேகத்த அளந்து மூணரை நாளுக்கு ஒருக்கா ஒரு கிரகம் சுத்துதுன்னு சொல்லியாச்சு. அதோட பாதை நம்ம கண்ணு நேருக்கு இருந்தா, கிரகம் நட்சத்திரத்துக்கு முன்னாடி கடக்கும், அப்ப வெளிச்சம் கொஞ்சம் கொறையணும். அந்த கடக்கிற நேரம் எப்பன்னு வேகத்த வச்சே முன்கூட்டி சொல்லிடலாம். ஹார்வர்ட்ல பி.ஹெச்.டி பண்ணிட்டு இருந்த டேவிட் ஷார்போனோ, டிம் பிரவுனோட சேந்து, கொலராடோவுல வெறும் 10 சென்டிமீட்டர் அகல டெலஸ்கோப்ப வச்சு பாத்தார். வேற டீமோட சேந்து கிரெக் ஹென்றியும் அரிசோனாவுல தானியங்கி டெலஸ்கோப்ப அந்த நேரத்துக்குத் திருப்பி வச்சார். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது. வெளிச்சம் ஒண்ணரை சதவீதத்துக்கு கிட்ட எறங்குது, மூணு மணி நேரம் கழிச்சு பழையபடி ஏறுது. கரும்புள்ளியாலயும் நட்சத்திர அதிர்வாலயும் இந்த வடிவத்துல, இந்த நேரத்துக்கு மங்க வைக்க முடியாது.

இங்க ரெண்டு தனித்தனி அடையாளம் ஒண்ணா சேருது, அதுல இருந்து ரெண்டுல எதுவும் தனியா சொல்லாத மூணாவது விஷயம் வருது. ஆட்டம் எடைய சொல்லும், மங்கல் அகலத்த சொல்லும். ரெண்டையும் வச்சா அடர்த்தி. அந்த கிரகம் வியாழன விட எடை கம்மி, ஆனா அகலம் கூட, அடர்த்தி தண்ணிய விடக் கம்மி. அதாவது அது பாறை இல்ல, வாயு உருண்டை. பாத்த சாட்சி ஒருத்தரும் இல்லாமயே அது எதால ஆனதுன்னு சொல்லியாச்சு. சில வருஷத்துலயே ஹபிள் டெலஸ்கோப்ப வச்சு, கிரகம் கடக்கும்போது அதோட காத்து வழியா வடிஞ்சு வர்ற வெளிச்சத்துல சோடியம் இருக்கிறதையும் ஷார்போனோ டீம் கண்டுபிடிச்சாங்க.

இடையில ஒண்ணு சொல்லணும், நுங்கம்பாக்கத்துக்கு இதுல இன்னொரு பங்கு இருக்கு. நட்சத்திர வெளிச்சத்த அளக்க இன்னிக்கு உலகம் பூரா பயன்படுத்துற அளவுமுறைய, அஞ்சு படி எறங்கினா நூறு மடங்கு மங்கல்ங்கிற கணக்க, 1856ல நிலைநிறுத்தின நார்மன் போக்சன் தான் 1861ல இருந்து 1891ல சாகற வரைக்கும் மெட்ராஸ் அப்சர்வேட்டரிய நடத்தினவர். அவர்கிட்ட உதவியாளரா இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல வெளிச்சம் மாறி மாறி எரியற ஒரு நட்சத்திரத்த கண்டுபிடிச்சார். நட்சத்திர வெளிச்சத்த கண்ணால பாத்து எழுதி வச்ச காலம் அது. அவர் பேரு நம்ம பாடப்புத்தகத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

பூமி அளவு கிரகம் சூரியன் அளவு நட்சத்திரத்த கடந்தா வெளிச்சம் பத்து லட்சத்துல 84 பங்கு தான் கொறையும். இத அளக்க முடியும்னு நாசாவோட ஏம்ஸ் மையத்துல இருந்த வில்லியம் போரக்கி 1980கள்ல இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தார். 1992, 1994, 1996, 1998னு நாலு தடவ திட்டத்த திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில லேப்லயே ஒரு செயற்கை வானம் செஞ்சு காட்டினாங்க. ஒரு தகட்டுல நட்சத்திரங்களுக்கு பதிலா சின்னச் சின்ன ஓட்டை, பின்னாடி விளக்கு, சில ஓட்டைக்கு குறுக்க மெல்லிசா ஒரு கம்பி. அந்த கம்பியில கரண்ட் விட்டா சூட்டுல துளி விரியும், அந்தத் துளி விரிவு ஓட்டையில வர்ற வெளிச்சத்த பூமி மறைக்கிற அளவுக்கு மறைக்கும். கேமரா அத பிடிச்சுதா, பிடிச்சுது. 2001ல அனுமதி, 2009 மார்ச்ல கெப்ளர்ங்கிற அந்த டெலஸ்கோப் விண்ணுக்குப் போச்சு. பூமி மாதிரி பாதை நம்ம கண்ணு நேருக்கு இருக்க வாய்ப்பு இருநூறுல ஒண்ணு தான், அதனால ஒன்றரை லட்சம் நட்சத்திரத்த கண் கொட்டாம ஒரே நேரத்துல பாத்துச்சு. 2600க்கு மேல கிரகம். அதுலயும் ஒரு மங்கல் தெரிஞ்ச உடனே கிரகம்னு சொல்லல, பின்னாடி தூரத்துல ஒண்ண ஒண்ணு மறைக்கிற நட்சத்திர ஜோடி இருந்தாலும் அதே மங்கல் வரும்ங்கிறதால மொதல்ல வேட்பாளர்னு தான் பட்டியல்ல சேத்தாங்க. அந்த பொறுமை எனக்கு ரொம்ப மரியாதைக்குரியதா தெரியுது.

இப்ப நடக்கிறது

பர்னார்ட் நட்சத்திரத்துல 2024ல சிலியில இருக்கிற எஸ்பிரெசோ ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒரு கிரகத்த கண்டுபிடிச்சுது, சுத்து 3.15 நாள், பூமிய விட எடை கம்மி. 2025ல ஹவாய்ல வேற டெலஸ்கோப்புல வேற கருவி அதையும் சேத்து மொத்தம் நாலு கிரகம்னு உறுதிப்படுத்துச்சு. அது எதுவும் வான் டி காம்ப் சொன்ன கிரகம் இல்ல. ஆனா இந்தத் தடவ ரெண்டு கருவியும் ஒத்துப்போகுது, அதனால நான் நம்புறேன்.

2025 ஏப்ரல்ல வந்த செய்தி தான் இன்னும் சூடு அடங்கல. 124 ஒளியாண்டு தூரத்துல கே2-18பின்னு ஒரு கிரகம், அதோட காத்துல டைமெத்தில் சல்ஃபைடு இருக்கலாம்னு கேம்பிரிட்ஜ்ல இருக்கிற இந்தியாவுல பிறந்த நிக்கு மதுசூதன் டீம் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்போட டேட்டாவ வச்சு சொன்னாங்க. பூமியில அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்ல இருந்து வர்றது. நம்ம பத்திரிகைகள்ல "வேற்றுகிரகத்தில் உயிர்"னு தலைப்பே வந்துடுச்சு, திரும்பவும் நீல உருண்டை. மத்த டீம்கள் அதே டேட்டாவ எடுத்து அலசிட்டு, அந்த வாயு இருக்குன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு எழுதியிருக்காங்க. மதுசூதன் டீமே இது மூணு சிக்மா (தற்செயலா வந்ததா இருக்காதுன்னு எவ்வளவு உறுதியா சொல்லலாம்ங்கிறதோட அளவு) தான், கண்டுபிடிப்புன்னு சொல்ல அஞ்சு வேணும், அதுக்கு வெப் டெலஸ்கோப்புல இன்னும் 16ல இருந்து 24 மணி நேரம் வேணும்னு சொல்லியிருந்தாங்க. அந்த வரி எந்த ஃபார்வர்ட்லயும் இல்ல. அந்த கிரகம் 33 நாளுக்கு ஒருக்கா நட்சத்திரத்த கடக்குது, வாய்ப்பு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே தான் இருக்கும். அந்த கூடுதல் நேரமும் பாத்து முடிச்சு, அவங்களோட சம்பந்தமே இல்லாத ஒரு டீமும் அதே எண்ணுக்கு வந்தா நானும் சந்தோஷமா சொல்லுவேன். அது வரைக்கும் எங்க குரூப்ல யார் கேட்டாலும் இன்னும் தெரியலன்னு தான் பதில்.